ஆர்.டி.ஐ. போடுவது: நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் மனு எழுத உதவி கேட்டு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் முழுவதையும் இங்கே விளக்கப் போவதும் இல்லை. நம்ம மலையில் மனு எங்கே போய்ச் சிக்குகிறது, எப்படி எழுதினால் சிக்காது என்பதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஆர்.டி.ஐ. என்றால் சுருக்கமாக என்ன?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அந்த வருடம் அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தை எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும், எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக்கூடாது (பிரிவு 6(2)). தமிழ்நாடு 1997-லேயே தனியாக ஒரு சட்டம் போட்டிருந்தது, ஆனால் அதில் கொடுப்பதற்கு இருந்ததைவிடக் கொடுக்காமல் இருக்கத்தான் வழி அதிகம். இப்போது 2005 சட்டம்தான் கணக்கு. தமிழிலேயே எழுதலாம்.

"எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) ஏன் இன்னும் ரோடு போடவில்லை?" என்று கேட்கலாமா?

கேட்கலாம், பதில் வராது. நிராகரிக்கப்படும் மனுக்களில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால்தான் போகிறது என்பது என் கணிப்பு. சட்டம் 'தகவல்' என்று சொல்வது ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கும் பொருளை: கோப்பு, அதன் குறிப்புகள், கடிதம், சுற்றறிக்கை, ஒப்பந்தம், கணக்குப் புத்தகம், கணினியில் இருக்கும் தரவு, இப்படி. அதிகாரி உட்கார்ந்து உங்களுக்காகக் காரணம் யோசித்து எழுத வேண்டியதில்லை, கருத்துச் சொல்ல வேண்டியதில்லை, இல்லாத பட்டியலைத் தயாரிக்கவும் வேண்டியதில்லை. 2011-ல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. "உங்கள் கேள்வி வினா வடிவில் உள்ளது, சட்டத்தில் இடமில்லை" என்று ஒரு வரிப் பதில் வருவதெல்லாம் இதை வைத்துத்தான்.

அதனால் 'ஏன்' என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த 'ஏன்' எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். ரோடு போடவில்லை என்றால், அந்த ரோட்டுக்காக நீங்களோ ஊரோ கொடுத்த மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பின் நகல், கோப்புக் குறிப்புகளோடு சேர்த்து, கேளுங்கள். நிதி இல்லை என்று யாராவது எழுதியிருந்தால் அது அந்தக் குறிப்பில்தான் இருக்கும், வனத்துறை ஆட்சேபம் சொல்லியிருந்தால் அந்தக் கடிதமும் அங்கேதான் இருக்கும்.

ரோடு போட்டு, அது ஒரு மழைக்கே பெயர்ந்து வந்துவிட்டது என்றால் கேட்க வேண்டியவை வேறு. நிர்வாக அனுமதி ஆணை, எஸ்டிமேட், வேலை உத்தரவு, தரச் சோதனை அறிக்கை, இறுதி பில், பணி நிறைவுச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலாக எம் புக். எம் புக் என்பது அளவுப் புத்தகம். இன்ஜினியர் வேலை நடந்த இடத்தில் நீளம், அகலம், கனம் அளந்து எழுத வேண்டியது அதில்தான், பணம் போவது அந்த அளவின் பேரில்தான். எஸ்டிமேட்டில் போட்டிருக்கும் கனத்தையும் எம் புக்கில் எழுதியிருக்கும் கனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் ரோட்டின் ஓரத்தில் ஒரு அடிக்கோலை வைத்துப் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். சட்டப்படி அந்த ரோட்டுப் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக்கூடக் கேட்க முடியும் (பிரிவு 2(ஜே)), ஆனால் இந்த உரிமை இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது.

எழுதும்போது வேலையின் பெயர், நிதியாண்டு, எங்கிருந்து எதுவரை என்று குறிப்பிடுங்கள். "2023-24 நிதியாண்டில் பிரதான சாலையிலிருந்து ஹெத்தையம்மன் கோயில் வரை போடப்பட்ட தார்ச்சாலைப் பணி" என்றால் கோப்பைத் தேட முடியும். "கடந்த 10 ஆண்டுகளில் எங்கள் ஊராட்சியில் நடந்த அனைத்துப் பணிகளின் அனைத்து ஆவணங்களும்" என்றால் பிரிவு 7(9)-ஐக் காட்டி, அலுவலக ஆட்களை அளவுக்கு மீறி இழுக்கும், நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிடுவார்கள். அதில் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு.

எந்த ஆபீஸுக்குப் போடுவது? இங்கே போனால் அங்கே கை காட்டுகிறார்கள்.

நீலகிரியில் இதுதான் உண்மையான தலைவலி. சமவெளியில் ஒரு ஊரில் தாலுகா ஆபீஸ், பி.டி.ஓ. ஆபீஸ் என்று இரண்டோடு முடிந்துவிடும். இங்கே ஒரே வளைவில் நின்று பார்த்தால் மேலே காப்புக்காடு, நடுவில் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டம், கீழே மின்வாரியத்தின் நீர்மின் குழாய், ரோடு தேசிய நெடுஞ்சாலை, பக்கத்தில் ரயில் பாதை. ஒவ்வொன்றும் வேறு ஆபீஸ், சில மத்திய அரசு, சில மாநில அரசு.

முதலில் மத்தியா மாநிலமா என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கட்டணம் கட்டும் முறையும் மேல்முறையீடு போகும் இடமும் அதைப் பொறுத்தே மாறும். வெலிங்டன் கன்டோன்மென்ட் போர்டு மத்திய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. குன்னூர் நகராட்சிக்கு அடுத்த தெருதான் என்றாலும் மனு வேறு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், குன்னூரில் இருக்கும் டீ போர்டு அலுவலகம், தபால் துறை, பி.எஃப்., பொதுத்துறை வங்கிகள் எல்லாமே மத்திய அரசு. மலை ரயிலும் அப்படித்தான், தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்துக்கு எழுத வேண்டும்.

மற்றவை மாநிலம். பட்டா, சர்வே, நிலத்தின் வகைப்பாடு, சான்றிதழ் என்றால் தாலுகா ஆபீஸ் (ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று 6 தாலுகா). கிராம ஊராட்சி வேலை என்றால் பி.டி.ஓ. ஆபீஸ், டவுன் பஞ்சாயத்து, நகராட்சி என்றால் அதன் செயல் அலுவலர் அல்லது ஆணையர் அலுவலகம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வழியாகக் கூடலூர், குண்டல்பேட்டை போகும் ரோடு தேசிய நெடுஞ்சாலை 181. அதை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கிறது, ஊராட்சிக்கு அதில் வேலை இல்லை. காடு என்றால் ஒரே வனத்துறை என்று நினைக்காதீர்கள். ஊட்டியில் நீலகிரி கோட்டம், கூடலூரில் தனிக் கோட்டம், முதுமலை புலிகள் காப்பகத்தின் கீழ் வரும் மசினகுடிக் கோட்டம் என்று பிரிந்து கிடக்கிறது. யானை உங்கள் வாழையைச் சாய்த்த இடம் எந்தச் சரகத்தில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் ஒரு மாதம் மிச்சம்.

சரி, தப்பான ஆபீஸுக்குப் போட்டுவிட்டால்? பிரிவு 6(3) இருக்கிறது. தன்னிடம் இல்லாத தகவல் என்றால் அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி உங்களுக்கும் தகவல் தர வேண்டும். "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பக் கூடாது. மனுவின் கடைசியில் "தங்களிடம் இல்லாத இனங்களைப் பிரிவு 6(3)-ன்படி உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கூடலூரில் எங்கள் வீடு இருக்கும் இடம் 'செக்‌ஷன் 17' என்கிறார்கள். பட்டாவும் இல்லை, கரன்ட்டும் இல்லை. என்ன கேட்பது?

1969-ல் வந்த கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, ஜன்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களிடமிருந்து தோட்டப் பயிருக்குக் குத்தகைக்கு எடுத்த நிலங்களைப் பற்றியது. அந்தக் குத்தகைகளைத் தொடர்வதா முடிப்பதா என்று அரசு முடிவு செய்ய வேண்டும் என்று விட்டதில் வந்த சிக்கல் தலைமுறை தாண்டி ஓடுகிறது. நாடு முழுக்கக் காடுகளின் தலைவிதியை மாற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் 1995-ல் இந்தக் கூடலூர்க் காடுகளை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் போனது.

ஆர்.டி.ஐ. போட்டால் பட்டா வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலம் காகிதத்தில் எந்தப் பெயரில் நிற்கிறது என்பது மட்டும் உறுதியாகத் தெரியவரும். தாலுகா ஆபீஸில் உங்கள் சர்வே எண்ணுக்கான ஏ பதிவேட்டின் (கிராம நில விவரப் பதிவேடு) நகல், புல வரைபடம், அந்த எண் பிரிவு 17-ன் கீழ் வருவதாகச் சொல்லும் ஆணை அல்லது பட்டியலின் தொடர்புடைய பக்கம், அது வனத்துறைக்கு மாற்றப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நகல், இவற்றைக் கேளுங்கள். மின்வாரியத்திடம் உங்கள் இணைப்பு விண்ணப்பம் மீதான கோப்பையும், இப்படிப்பட்ட நிலங்களுக்கு இணைப்புத் தரக்கூடாது என்று அவர்களுக்கு வந்த கடிதத்தின் நகலையும் கேளுங்கள். "மேலிட உத்தரவு" என்று வாயால் சொல்வார்கள். அந்த உத்தரவுக்கு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும் அல்லவா, அதைக் கேளுங்கள். நாளைக்கு வழக்கோ, மனுவோ, எதற்கும் அடிப்படை அந்த எண்தான்.

வீட்டு வரைபடம் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் மலையை வெட்டி மூன்று மாடி கட்டுகிறார். அதைக் கேட்க முடியுமா?

அனுமதி ஆணை, அதில் போட்ட நிபந்தனைகள், அனுமதிக்கு முன்னால் புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை தந்த கடிதங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். 1990-ல் அமைத்த ஹாகா என்கிற மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையமும் 1993 மாஸ்டர் பிளானும் இங்கே இருப்பதால் கட்டிட உயரத்துக்கு 7 மீட்டர் என்ற வரம்பு உண்டு என்பது ஊரறிந்த விஷயம், ஆனால் காகிதத்தில் என்ன உயரம் காட்டி அனுமதி வாங்கினார் என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டின் உள் வரைபடத்துக்கு "மூன்றாம் நபர் தகவல்" என்று பிரிவு 11-ஐக் காட்டி அவரிடம் கருத்துக் கேட்பார்கள், அதனால் 40 நாள் வரை ஆகலாம். அவர் வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு முடிந்தது என்று அர்த்தமில்லை, முடிவு எடுக்க வேண்டியவர் மனுவுக்குப் பதில் தரும் தகவல் அலுவலர்தான். இன்னொன்றும் கவனியுங்கள். தனிநபர் தகவல் பற்றிய பிரிவு 8(1)(ஜே)-ஐ 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி, 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு அந்தப் பிரிவிலேயே பொதுநலன் என்ற வாசல் இருந்தது, இப்போது 'தனிநபர் தகவல்' என்ற இரண்டு வார்த்தைதான் மிச்சம். எனக்கு இந்தத் திருத்தம் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: கொடுப்பதில் உள்ள பொதுநலன் பெரிது என்றால் விலக்கு இருந்தாலும் கொடுக்கலாம். அதனால் நிலச்சரிவு ஆபத்து, பொது வழி, ஓடை மறிப்பு என்று எது இருக்கிறதோ அதை இந்த மாதிரி மனுவில் மட்டும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. காரணம் சொல்லக் கட்டாயம் இல்லைதான், சொன்னால் உதவும்.

பச்சைத் தேயிலை விலை, கூட்டுறவு ஃபாக்டரி கணக்கு இதெல்லாம்?

சிறு விவசாயிகளுக்கான மாத விலை நிர்ணயம் டீ போர்டு பக்கம் நடப்பதால் அந்தக் கணக்கை மத்திய அரசு முறைப்படி டீ போர்டிடம் கேளுங்கள். இண்ட்கோ ஃபாக்டரிகள் கூட்டுறவுச் சங்கங்கள். 2013-ல் கேரளத்துக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்கில், அரசு கணிசமாக நிதி கொடுக்காத, கட்டுப்படுத்தாத சங்கம் நேரடியாக இந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையே காட்டி ஃபாக்டரி மறுத்தால், சங்கத்தை மேற்பார்க்கும் அரசு அலுவலகத்திடம் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள், அது அவர்களிடம் இருக்கும், அல்லது சட்டப்படி அவர்கள் வாங்க முடியும். தனியார் எஸ்டேட்டுக்கும் இதே வழிதான்: எஸ்டேட்டிடம் கேட்க முடியாது, எஸ்டேட்டைப் பார்வையிட்ட தொழிலாளர் துறையின் ஆய்வு அறிக்கையைக் கேட்கலாம். டான்டீ அரசு நிறுவனம், நேரடியாகவே போடலாம்.

கட்டணம்?

10 ரூபாய். மாநில அலுவலகம் என்றால் மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசுக்கு அது செல்லாது, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வையுங்கள், 'கணக்கு அலுவலர்' பெயருக்கு. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், அதை அவர்கள் கடிதம் போட்டுக் கேட்ட பிறகு கட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு, சான்று வைத்தால், ஒன்றும் இல்லை. 30 நாள் தாண்டிவிட்டால் யாருக்குமே நகல் இலவசம் (பிரிவு 7(6)), இதை அவர்கள் மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம்.

தபாலிலா, நேரிலா, ஆன்லைனிலா?

மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆன்லைன் நன்றாகவே வேலை செய்கிறது. மாநிலத்துக்கும் இணையதளம் உண்டு, ஆனால் உங்கள் அலுவலகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊராட்சி, தாலுகா விஷயங்களுக்கு நான் காகிதத்தையே சொல்வேன். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டதால் இப்போது ஸ்பீடு போஸ்ட், ரசீதை மனு நகலோடு பின் அடித்து வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்காமல் படி இறங்காதீர்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை, 'பொதுத் தகவல் அலுவலர்' என்று பதவியை எழுதினால் போதும்.

சின்ன ஊர். நான்தான் போட்டேன் என்று கான்ட்ராக்டருக்குத் தெரிந்துவிடுமே?

தெரிந்துவிட வாய்ப்பு உண்டு, அதை மறைத்துப் பேச முடியாது. ஆபீஸிலிருந்து போன் போகும், சாயங்காலம் டீக்கடையில் யாராவது "என்ன, ஏதோ மனு போட்டீங்களாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். ஆனால் நீங்கள்தான் போட வேண்டும் என்று எங்கும் இல்லை. இந்தியாவில் எங்கே இருக்கும் குடிமகனும் எந்த ஊர்த் தகவலையும் கேட்கலாம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மருமகனோ, பெங்களூரில் இருக்கும் தங்கையோ போடட்டும். நான்கு வெவ்வேறு பேர் ஒரே கேள்வியைப் போட்டாலும் நல்லதுதான், ஒருவரை மட்டும் குறிவைப்பது கடினமாகும். போன் எண் எழுதுவது கட்டாயம் இல்லை, தபால் வந்து சேர ஒரு முகவரி இருந்தால் போதும்.

"கோப்பு காணவில்லை" என்று பதில் வந்திருக்கிறது.

பிரிவு 8, 9-ல் உள்ள விலக்குகளில் 'காணவில்லை' என்று ஒன்று கிடையாது. இருந்திருக்க வேண்டிய கோப்பு இல்லை என்றால் முழுதாகத் தேட வேண்டும், விசாரித்துப் பொறுப்பு யாருடையது என்று பார்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இதை எழுதுங்கள். கூடவே, கோப்பு கடைசியாக யாரிடம் இருந்தது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தையும், காணாமல் போனது பற்றிய புகாரின் நகலையும் புதிய மனுவில் கேளுங்கள். இதைக் கேட்டதும் கோப்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து கிடைத்துவிடுவதும் உண்டு.

நேரில் போய்க் கோப்பைப் பார்க்க முடியுமா?

முடியும், இதைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன், குறிப்பாக எந்தக் காகிதம் வேண்டும் என்று உங்களுக்கே சரியாகத் தெரியாதபோது. மனுவிலேயே "கோப்பைப் பார்வையிட விரும்புகிறேன், தேதி நேரம் தெரிவிக்கவும்" என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கணக்குப் புரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், குறிப்பு எடுங்கள், நகல் வேண்டிய பக்கங்களின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஊட்டிக்குப் பஸ் பிடித்துக் கலெக்டர் ஆபீஸ் போய் வர ஒரு நாள் போகும், இருந்தாலும் 300 பக்கத்துக்குப் பணம் கட்டி அதில் தேவையில்லாத 280-ஐ வீட்டில் வைத்துக்கொள்வதைவிட அது மேல்.

காட்டு உரிமைச் சட்டத்தில் பழங்குடியினர் கொடுத்த மனுக்கள் கிடப்பில் இருக்கின்றன. அவற்றின் நிலை?

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொன்மைப் பழங்குடிகளும் வாழும் மாவட்டம் இது, அதனால் இந்தக் கேள்வி நிறைய வரும். 2006 சட்டப்படி மனு கிராம சபையிலிருந்து உட்கோட்டக் குழுவுக்கும் அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கும் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு இருக்கும். நிராகரித்தால் மனுதாரருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். "இன்ன கிராமத்திலிருந்து வந்த மனுக்கள் எந்தத் தேதியில் எந்தக் குழுவுக்குப் போயின" என்ற பதிவேட்டையும், அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பையும் கேளுங்கள். மனு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இ-பாஸ், பசுமை வரி பற்றி?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது, 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. கொடுத்த பாஸ் எண்ணிக்கை கணினியில் இருப்பதால், கல்லார், குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி என்று சோதனைச் சாவடி வாரியாகத் தேதி வாரியாகக் கேளுங்கள். வசூலான பசுமை வரியும் அது செலவான தலைப்பும் தனிக் கேள்வி. கலெக்டர் ஆபீஸிலிருந்து தொடங்கலாம்.

30 நாள் ஆகிவிட்டது. பதிலே இல்லை.

அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு (பிரிவு 19(1)). கட்டணம் இல்லை, மனு நகல், அனுப்பிய ரசீது, ஒரு பக்கக் கடிதம் போதும். 'பதில் இல்லை என்பதே மறுப்பு' என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது, அதனால் காத்திருந்து கெடு தாண்டவிடாதீர்கள். அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும். அனுபவத்தில், நிறையத் தகவல் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடும், ஏனென்றால் மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டி வருகிறது.

அதிலும் வரவில்லை என்றால் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு, மாநில அலுவலகம் என்றால் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு, மத்திய அலுவலகம் என்றால் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. இங்கே பொறுமை வேண்டும், மாதங்கள் ஆகும், வருடம்கூடத் தாண்டும். விசாரணைக்கு மலையிலிருந்து சென்னை போக முடியாதவர்கள் காணொளி வழியாக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள், எழுத்துமூல வாதத்தையும் அனுப்பிவிடுங்கள். ஆணையம் நினைத்தால் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போடலாம். அதை மனுவில் நீங்களாகவே கேட்டுவிடுங்கள், கேட்காமல் வருவது அபூர்வம்.

லஞ்ச ஒழிப்புத் துறையிடம் கேட்க முடியாதாமே?

2008-ல் தமிழக அரசு அந்தத் துறைக்கு விலக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் சம்பந்தப்பட்ட தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டமே (பிரிவு 24(4)) சொல்கிறது.

காகிதம் கையில் வந்துவிட்டது. அடுத்து?

எதற்குக் கேட்டீர்களோ அதைப் பொறுத்தது. ஊராட்சிக் கணக்கு என்றால் கிராம சபையில் வாசியுங்கள், வருடத்தில் ஆறு முறை கூடுகிறது, அங்கே பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று நின்று கேளுங்கள். தனிப்பட்ட குறை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு இணைக்கலாம். கோர்ட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே மனுவில் 'சான்றொப்பமிட்ட நகல்' என்று எழுதிக் கேளுங்கள், சாதா ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டால் மறுபடியும் அலைய வேண்டிவரும். ஒவ்வொரு பக்கத்திலும் சீல் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.